இளைத்துப்போன செத்த மீன்

என் இடுப்பளவைக் கூட்டிச் சொன்ன திருப்பூர்த் தையல்காரரோடு சண்டை போட, தாராபுரத்தில் பஸ் ஏறினேன். முன் சீட்டிலிருந்த மீன் ஆராய்ச்சிக்காரர் தன் மனைவியிடம் சொன்னார்:

“அந்தச் செத்த மீனு இளைச்சுப்போச்சு, அம்மிணி.”

“செத்தது எப்படீங்க இளைக்கும்?”

“வேலைக்குச் சேந்த புதுசுல அளந்தப்ப குண்டா இருந்துச்சு. புது சாதி மீனுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். இப்பக் கை படிஞ்சிருச்சு. பாட்டில்ல கெடக்கற அதே மீனை நேத்து மறுபடி அளந்தா, மத்த மீனாட்டவே ஒல்லி. அன்னிக்கு அளக்கற கவராயத்தைச் சாய்ச்சுப் புடிச்சிருக்கேன்.”

“அதுக்கு எம் பேரு வெக்கறேன்னீங்களே?”

“புது மீனே இல்லியே, எங்க வெக்கறது?”

அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் கொடுவாய் ஊரைத் தாண்டியதும் கணவர் கேட்டார்:

“கோவமா, அம்மிணி?”

“கோவமென்னங்க! குண்டு மீனுக்கு எம் பேரை வெச்சிருந்தா, எங்கண்ணி சிரிச்சே என்னைக் கொன்னிருப்பா.”

இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள். எனக்கும் தெம்பு வந்துவிட்டது. கடைக்குள் நுழைந்ததுமே கேட்டேன்: “ஏனுங்க, நீங்க தொழிலுக்குப் புதுசா?”

“உங்கப்பாரு இடுப்பையும் நாந்தானுங்க அளந்தேன்,” என்றார் தையல்காரர்.