ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர்

கம்ப்யூட்டர் முன்னால் ஒரே ஒரு நாற்காலிதான் போட வேண்டும் என்று, மாணவர்களுக்குக் கம்ப்யூட்டரில் மனநலக் கேள்விகள் தயாரித்துத் தரும் எனக்கு முதலில் தோன்றியது செவிலிமேடு டவுன் பஸ்ஸில். கல்லூரிகளில் இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்றிருந்த, தோளோடு தோள் இடித்துக்கொண்டு படித்த நாட்கள் அவை. முன் சீட்டில் இரண்டு மாணவிகள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“அந்தக் கம்ப்யூட்டர் கிட்ட பொய் சொல்லிட்டேன்டி.”

“எது, மனசு எப்டி இருக்குதுன்னு இன்னிக்கு கேள்வி கேட்டுச்சே, அதுகிட்டயா?”

“ஆமா. தூக்கம் வருதா, சாப்பிடத் தோணுதான்னு கேட்டுச்சு. எல்லாத்துக்கும் நல்லா இருக்கேன்னே அமுக்கிட்டேன்.”

“ஏன்டி?”

“நீதான் ரெண்டு பேரு சேந்து நெய்யற கோர்வைத் தறியில கூட உக்கார்ற ஆளு மாதிரி ஒட்டிக்கினு இருந்தியே. நீ பாக்கறப்ப எப்டி அமுக்கறது?”

தோழி சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

“எப்பத்துலேர்ந்து தூங்கல?”

“அப்பா போனதுலேர்ந்து.”

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது. பிறகு தோழியே ஆரம்பித்தாள்.

“நாளைக்கு மிஸ்ஸ கேட்டு இன்னொரு வாட்டி போடலாம். நீ மட்டும் உள்ள போ. நான் வராண்டாவுல நிக்கறேன்.”

“எட்டிப் பாக்க மாட்டியே?”

“சொவத்தப் பாத்து நிக்கறேன்மா, போதுமா?”