இறகு அசைந்தது

— உன் புருஷன் விடிஞ்சதுமே கடப்பாரையோட மேட்டுக்குப் போயிட்டானாமே. நீ என் வீட்டு வாசல்ல வந்து நின்னா ஊர் என்ன சொல்லும் வெரேனா?

— சொல்லட்டும் த்ரீனி அக்கா. மாதா கோயிலை இடிக்கச் சொல்லி நகர சபை உத்தரவு. எங்க ஊலி கொத்தனாரு, கூப்பிட்டா போய்த்தானே ஆகணும்? சந்தோஷமா வேற போறாரு. புதுப் போதகர் பேச்சைக் கேட்டதுலேர்ந்து தலைகால் புரியல.

— லத்தீனை விட்டுட்டு நம்ம பேச்சுல வேதம் படிக்கிறாரே, அவர்தானே? இங்கயும் வந்தாரு. கோயில்ல என்ன செஞ்சேன்னு ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்லணுமாம். சொல்லிடலாம்னுதான் இருக்கேன்.

— ஐயோ, சொல்லாதீங்க. அதுக்குத்தான் ஓடி வந்தேன்.

— பதினாறு வருஷம் செஞ்ச வேலைடி. செத்துப் பொறந்த பிள்ளைய எடுத்துட்டு வருவாங்க. ரெண்டு பக்கமும் நெருப்புக் கங்கு வெச்சு சூடு காட்டுவேன். உதட்டு மேல ஒரு இறகு. அசைஞ்சா, உயிர் வந்துடுச்சுன்னு கத்துவேன். சாமியார் ஓடி வந்து ஞானஸ்நானம் குடுப்பாரு. பிள்ளை உடனே திரும்பச் செத்துடும். ஆனா மோட்சத்துக்குப் போயிடும், கல்லறைத் தோட்டத்துல இடமும் உண்டு.

— ஞானஸ்நானத் தண்ணி படலேன்னா கல்லறை வேலிக்கு வெளிய குழி. தண்ணி படாத பிள்ளையும் ஆண்டவர்கிட்டதான் இருக்கும்னு போதகர் சொல்றாராம். அவரா பெத்துப் புதைச்சாரு?

— கங்குச் சூட்டுல பாதி இறகு தானா அசையும். அசையலேன்னா குனிஞ்சு ஊதுவேன். அந்தத் தாய்ங்க மூஞ்சியப் பார்த்திருந்தா நீயும் ஊதியிருப்ப.

— என் பிள்ளை ஆன்லிக்கும் ஊதினீங்களா? அந்த ஒரு மூச்சை நெனச்சாத்தான் மூணு வருஷமா எனக்கு ரொட்டி தொண்டையில இறங்குது.

— அழாதே. உன் பிள்ளைக்கு ஊதல. கங்கே இன்னும் வைக்கல, தானா அசைஞ்சுது. மாதா மேல ஆணை. போதுமா?

— தானாவா? அப்ப நெசமாவே மூச்சு இருந்திருக்கு.

— இருந்துச்சு.

— சாமியார் தண்ணி ஊத்தின கையோட துணியில சுத்திட்டாரு. ஊலி முன்னாடியே குழி வெட்டி வெச்சிருந்தாரு. மணி அடிச்சு நிக்கறதுக்குள்ள மண்ணைத் தள்ளிட்டோம். துணிய விலக்கி யாருமே பார்க்கல அக்கா. உயிரோட இருந்தவளையா புதைச்சோம்?

— ஏய், எங்கடி ஓடுற? நில்லு. உக்காரு இப்படி. பொய் சொன்னேன். உன் மனசு ஆறட்டும்னு சொன்னேன். கொண்டு வரும்போதே சில்லுனு இருந்தா. கங்கு வெச்சும் அசையல. மூணு தடவை ஊதினேன்.

— இப்பத்தானே மாதா மேல ஆணைன்னீங்க?

— மாதாவைத்தான் உன் புருஷன் இடிச்சுக்கிட்டிருக்கானே. இது கடவுள் மேல ஆணை.

— அப்ப ஞாயித்துக்கிழமை வாங்க அக்கா. என் பிள்ளை ஒரு மூச்சுகூட விடலேன்னு ஊரறியச் சொல்லுங்க.