பதினோரு ஒன்றுகள்

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்கு வரும் மாலைப் படகில், எனக்கு முன்னால் இரண்டு வாத்தியார்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

“அண்ணே, அந்த நம்பர் வகுபடுது.”

“எது?”

“வரிசையா பதினோரு ஒண்ணு. எதாலயும் வகுபடாதுன்னு நேத்து வீட்டுல உங்க முன்னாடி மக தலையில அடிச்சி சத்தியம் பண்ணேனே! இருபத்தோராயிரத்து அறுநூத்து நாப்பத்தொம்பதால மீதியில்லாம போவுது.”

“போனா போகட்டும் லா.”

“காலையிலேருந்து பாப்பாவுக்குக் காய்ச்சல்ண்ணே.”

மூத்தவர் குரலைத் தணித்துக்கொண்டார். “தெரியாமதானே சத்தியம் பண்ணே? அது பொய்யாவாது தம்பி.”

“எனக்குத்தான் தெரியல. அது அப்பவும் வகுபட்டுக்கிட்டுத்தானே இருந்துச்சு?”

படகு கரையைத் தொட்டது. எல்லோரும் எழுந்தோம்; இளையவர் மட்டும் எழவில்லை.

“நீங்க முதல்ல எங்க வீட்டுக்குப் போய்ப் பாப்பாவப் பாருங்கண்ணே. நான் இங்கயே இருக்கேன்.”