வாத்தியார் செய்த விளக்கு

ஓவிய வாத்தியார்களுக்கு ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியாது. தூரிகையைப் பிடிப்பதுபோல மூன்று விரலால் பிடிப்பார்கள். என் மனைவியின் தங்கையைக் கட்டிய என் சகலையும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருடமாக மின்சாரப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். சிரித்ததில்லை. எனக்கு மரியாதை தெரியும்.

அவன் கடல்நீர் மீன்தொட்டி ஒன்று வைத்திருந்தான். அதில் மீனைவிடப் பவளம்தான் அதிகம். பவளத்துக்கு உயிர் உண்டு ஐயா, வெளிச்சம் குறைந்தால் வெளுத்துச் செத்துப்போகும். அதற்கென்றே கடையில் விற்கும் விளக்கின் விலைக்குப் பழைய ஸ்கூட்டரே வாங்கிவிடலாம். என் வீட்டுத் தொட்டிக்கு நான் அதைத்தான் வாங்கினேன். இவன் ஒரு பழைய ஜன்னலின் அலுமினியச் சட்டத்தையும், பழுதான கம்ப்யூட்டரின் காற்றாடியையும், நீலமும் வெள்ளையுமாகக் கொஞ்சம் எல்.இ.டி. பல்புகளையும் வைத்துக்கொண்டு, இரண்டு மாதம் உட்கார்ந்து தானே ஒரு விளக்கு செய்தான்.

குடும்பமே கொண்டாடியது. என் மனைவி என்னிடமே கேட்டாள்: "அங்க எல்லாம் பூப்பூவா விரியுது. நம்ம தொட்டியில மட்டும் ஏங்க வாடிப்போகுது?"

எங்கள் தொட்டியில் வாடியது உண்மைதான். அது தண்ணீரின் குற்றம்.

ஒரு ஞாயிறு காலை அவனே கூப்பிட்டான். "அண்ணா, ஒரு தடவ திறந்து பாத்து சரின்னு சொல்லிட்டீங்கன்னா எனக்கு நிம்மதி. தினம் அவதான் தொட்டியத் தொடைக்கிறா. கரன்ட் சமாச்சாரம் பாருங்க."

போனேன். மச்சினி தொட்டியின் விளிம்பில் பூத்திருந்த உப்பை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க அத்தான். குறை கண்டுபிடிக்கிறதுல உங்கள மிஞ்ச ஆளு ஏது? நல்லாப் பாருங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அவர்கள் சமையலறைக்குப் போனபிறகு விளக்கை மேசைமேல் வைத்துத் திறந்தேன். ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தேன். உள்ளதைச் சொல்ல வந்திருப்பதால் சொல்கிறேன், குறை ஒன்றும் இல்லை. எர்த் வயரைச் சட்டத்தோடு இறுக்கி, நெகிழாமலிருக்க இரட்டை நட்டு போட்டிருந்தான். தண்ணீர் தெறித்தாலும் உள்ளே போகாதபடி விளிம்பெல்லாம் பசை. என்னிடம் வேலை பார்க்கும் படித்த ஆட்கள் ஒருவரும் இவ்வளவு சுத்தமாகச் செய்து நான் பார்த்ததில்லை. எதையோ பார்த்துச் செய்திருக்கிறான். பார்த்துச் செய்யக் குரங்குக்கும் தெரியும்.

அரைமணி நேரம் அந்த அறையில் தனியாக இருந்தேன். பிறகு மூடி, எட்டுத் திருகுகளையும் முடுக்கி, நானே தூக்கி மாட்டினேன்.

"எப்படிண்ணா இருக்கு?"

"பரவாயில்ல. உனக்கு இது போதும்."

பாராட்டு என்று நினைத்துக்கொண்டு பல்லைக் காட்டினான்.

மூன்றாம் நாள் காலை மச்சினி தொட்டியடியில் விழுந்து கிடந்தாள். ஒரு கையில் ஈரத்துணி. எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். ஸ்ட்ரெச்சர் வரும்போது லிஃப்ட் கீழே தயாராக நிற்கும்படி பார்த்துக்கொண்டேன். என் வேலையில் அன்றும் குறை இல்லை. ஆனால் மேலே கொண்டுபோகுமுன்பே உயிர் போயிருந்தது.

உங்கள் ஆட்கள் விளக்கைத் திறந்தார்கள். எர்த் வயர் கழன்றிருக்கிறது, இன்னொரு வயர் உறை நசுங்கிச் சட்டத்தைத் தொடுகிறது, செய்தவரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். சகலை மறுக்கவில்லை. "என் கையாலயே அவளக் கொன்னுட்டேன்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினான். நான் திறந்து பார்த்ததை மட்டும் அவன் உங்களிடம் சொல்லவில்லை. என் பேர் கெட்டுவிடக் கூடாதாம். கேட்காததற்கு நானும் பதில் சொல்லப் போகவில்லை.

போன வாரம் தாடியும் கசங்கிய சட்டையுமாக வீட்டுக்கு வந்தான். என் மனைவி பார்த்துக்கொண்டிருக்க என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. அன்னைக்கு நீங்க பாத்தும் கண்ணுல படாமப் போச்சு. ஆனைக்கும் அடி சறுக்கும். உங்க மேல எனக்கு வருத்தமே இல்ல."

மன்னிக்கிறானாம். அவன், என்னை.

"நீங்க பாத்தீங்களா?" என்றாள் என் மனைவி. "பாத்துமா தெரியாமப் போச்சு? இத்தன வருஷம் என்னத்தப் பாத்தீங்க?"

அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் வீட்டார் வழியாக விஷயம் வாய்க்கு வாய் போனது. நேற்று ஆஸ்பத்திரியில், எனக்குக் கீழே வேலை செய்கிறவன் நான் முடித்த இணைப்பை என் கண்ணெதிரே இன்னொரு முறை சோதித்துப் பார்த்தான்.

அதனால்தான் காலையிலேயே கிளம்பி இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குறை என் கண்ணுக்குத் தப்பவில்லை. தப்புவதற்கு அங்கே குறையே இல்லை. இரட்டை நட்டைக் கழற்றியது நான். வயரை நசுக்கி வைத்தது நான். ஒரு சுளீர் அடி வாங்கி, ஊர் சிரிக்க அவன் அசடு வழிய நிற்கவேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். தினமும் துடைப்பது யார் என்று தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கவனக்குறைவு என்ற சொல்லை மட்டும் அந்த அறிக்கையிலிருந்து அடித்துவிடுங்கள். அது நான் கவனமாகச் செய்த வேலை.