சடையாயி கோரி

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முந்தி, நம்ம முத்துவாசல் கரையில பாரசீகக் குதிரைக் கப்பலு வந்து நின்ன காலம். அப்ப இங்க நிசாமுன்னு ஒரு குதிரை யாவாரி இருந்தாராம். சாவு நெருங்கிருச்சு. "எங்க சீமையில இருக்கிற மாதிரி என்னைப் பொதைக்கச் செங்கல்லுல ஒரு கோரி வேணும், கண்ணு மூடுறதுக்குள்ள பாக்கணும்"னு பெரோசுங்கிற கொத்தனைக் கப்பல்ல வரவழைச்சாராம். எங்க வமிசத்துக்கு மூத்தவரு அந்தப் பெரோசுதான். பெருமைக்குச் சொல்றேன்னு நினைச்சுக்காதீக.

பெரோசுக்கு அங்க பாரசீகத்துல தாயில்லாத பொண்ணு ஒண்ணு. யாவாரி சொன்னாராம்: "கோரி முடிஞ்சாத்தான் உனக்குத் தை மாசக் கப்பலு. இல்லாட்டி இங்கயே கெட."

பெரோசு கட்டுனாரு. பனை உசரத்துக்கு வட்டக் கோபுரமா, சுத்திவர முனை முனையா நீட்டிக்கிட்டு, செங்கல்லையே எழுத்தா அடுக்கி யாவாரி பேரு. சுவரு பூரா நம்மூருச் சுண்ணாம்பு. உச்சியில கூம்பு வைக்கணும். சுண்ணாம்பு இறுக மாசக்கணக்காகுமே, பொண்ணு முகம் கண்ணுக்குள்ள நிக்குதே! கப்பல்ல கொண்டாந்த வெள்ளைச் சாந்தை எடுத்தாரு. குழைச்ச கையோட இறுகிப்போகுமாம். மழை காணாத அவுக சீமைக்கு அது சரி.

சாந்து குழைக்கிற சடையாயி சொன்னாளாம்: "வேணாம் கொத்தனாரே. ஐப்பசி மழையை நீரு பாத்ததில்ல. இது கரைஞ்சிரும்."

"குழைக்கிற கழுதைக்கு என்னா தெரியும்? போடி!"

போனா பாவி மக. போயி அவரு கேட்டதையே குழைச்சுக் குடுத்தா.

புரட்டாசியில கூம்பு முடிஞ்சது. ஐப்பசியில மழை பிடிச்சது. மழையின்னா மழை, மூணு நாளு விடல. கல்லு சுமந்த சனம், குடிசை ஒழுகுதுன்னு கோரிக்குள்ள ஒதுங்குச்சு. சடையாயி ஓடியாந்தாளாம். "வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க!"ன்னு கத்திக்கிட்டே உள்ள போனா. கூம்பு இறங்கிருச்சு. அவளோட சேத்துப் பதினோரு பேரு உள்ளயே போயிட்டாக.

யாவாரி படுக்கையில கெடந்து கேட்டாராம்: "என் பேரு எழுதுன சுவருக்கு ஒண்ணும் ஆகலையே?" அட நாசமாப் போறவனே!

அஞ்சாம் நாளு அந்தாளும் போயிட்டான். மொட்டைக் கோரியிலதான் பொதைச்சாக. தையில பெரோசு கப்பலுக்குப் போனாரு. யாவாரி உத்தரவு அப்பவே மாலுமிகிட்ட இருந்துச்சு, அவன் சொல்லிட்டானாம்: "கூம்பில்லாத கோரி முடிஞ்ச கோரியா? எறங்கு." இங்கயே தங்கி, இங்கயே ஒருத்தியைக் கட்டுனாரு, அந்த வழிதான் நாங்க. அங்க விட்டுட்டு வந்த பொண்ணு என்ன ஆச்சோ, ஒரு சேதியும் கெடையாது.

அந்த எழுத்தைப் படிக்க இங்க ஆளில்ல. ஊரு அதைச் சடையாயி கோரின்னுதான் சொல்லுது. ஐப்பசி முதல் மழைக்கு எங்க வீட்டு ஆளுக மட்டும் கோரிக்கு வெளிய, தலையில துணியில்லாம நனைஞ்சுக்கிட்டு நிக்கணும். சடையாயி சனம் எதிர்ல வந்து நின்னு பாக்கும். இன்னைய வரைக்கும் "போதும், வீட்டுக்குப் போங்க"ன்னு அவுகள்ல ஒருத்தரும் சொன்னதில்ல.