மாலக்கி வயலில் ஒரு பலிபீடம்

ஒரு தேசத்தின் ஆன்மா அதன் கற்களில் உறங்குகிறது. என் நூலின் முதல் வரி இது. நூல் என் சொந்தச் செலவில் அச்சானது. விற்காத பிரதிகள் இப்போது என் கோழிக்கூட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கின்றன.

மாலக்கி டியர்னனின் வயலில் இருக்கும் ஐயாயிரம் ஆண்டுப் பழைய கல்லறையைப் பற்றியது அது. நிமிர்ந்த கற்கள், மேலே கூரைக்கல், உள்ளே ஒரு பலகைக்கல். அந்தப் பலகைக்கல்தான் ஆதி மன்னர்களின் பலிபீடம் என்று நிறுவியவன் நான். அதைப் பார்க்க டப்ளினிலிருந்து ஒரு பேராசிரியர் வருவதாக இருந்தது. எங்கள் லீட்ரிம் மாவட்டத்தில் என் பெயர் நிற்பதும் விழுவதும் அந்த வருகையில்தான்.

மதுக்கடையில் இதைச் சொன்னபோது மாலக்கி குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"பலிபீடமா? வாத்தியாரே, அது எங்க தாத்தா பன்னிக்கறிக்கு உப்புத் தடவக் கொண்டாந்து போட்ட கல்லு. உங்க புரொபசர் வரட்டும், நானே சொல்றேன்."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அது என் பெருந்தன்மை.

"உங்க தாத்தா போட்டதுன்னா நீயே எடுத்துட வேண்டியதுதானே?"

அவன் முகம் மாறியது. எங்கள் பக்கத்தில் பழங்கல்லில் யாரும் கை வைப்பதில்லை. அதனடியில் 'நல்லவர்கள்' குடியிருக்கிறார்கள். பேய்ச்சாதிதான்; பயத்தில் வைத்த பெயர். தொட்டவனுக்குக் கை விளங்காது, மாடு கறக்காது.

"அம்பது வயசுல குட்டிப்பேய்க்குப் பயமா? உன் கோழி முட்டை போடக்கூட அவங்ககிட்ட உத்தரவு கேக்குமோ?"

கடை மறுபடியும் சிரித்தது. இந்தத் தடவை அவனைப் பார்த்து.

மறுநாள் பட்டப்பகலில் போனோம். அவன் சங்கிலியோடு உள்ளே தவழ்ந்தான். டிராக்டரில் நான் உட்கார்ந்தேன், உதவிக்கு. பலகைக்கல்லை இழுத்தால் அதை ஒட்டிய தாங்குகல் சரியும். அது சரிந்தால் கூரைக்கல் இறங்கும். என் நூலில் படம் போட்டே விளக்கியிருக்கிறேன். மாலக்கி அதைப் படித்ததில்லை.

"கட்டியாச்சு. இருங்க வாத்தியாரே, வெளிய வந்துடறேன்."

நான் காத்திருக்கவில்லை.

பிறகு வீட்டுக்கு நடந்து வந்து தேநீர் போட்டேன். ஊர் என்னை ஒன்றும் கேட்கவில்லை; நல்லவர்கள் வேலை என்றது. எங்கள் ஊர்ப் போலீஸ் சார்ஜெண்ட் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டதோடு விசாரணை முடிந்தது. சாவு வீட்டில் மாலக்கியின் மனைவி யூனா மட்டும் கேட்டாள்:

"அவங்களுக்கு டிராக்டர் ஓட்டத் தெரியுமா?"

"அவங்களுக்கு எதுதாம்மா தெரியாது?" என்றார் சார்ஜெண்ட்.

அவள் வயல் சேறு ஒட்டியிருந்த என் பூட்ஸைப் பார்த்தபடியே என் கோப்பையில் தேநீர் ஊற்றினாள். வழிந்த பிறகும் நிறுத்தவில்லை. உங்களை வரவழைத்தது அவளாகத்தான் இருக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா.

பேராசிரியர் வந்தார். இழுபட்டு வெளியே கிடந்த பலிபீடத்தின் மேல் உட்கார்ந்து, கொண்டுவந்த ரொட்டியைத் தின்றார். தான் உட்கார்ந்திருப்பது எதன் மேல் என்று கேட்கவே இல்லை.

குற்ற உணர்ச்சியால் நான் இதைச் சொல்லவில்லை. பேய் என்று ஒன்று இல்லை என்று இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் காலமெல்லாம் சொல்லிக்கொடுத்தவன். நான் செய்ததை ஒரு மூடநம்பிக்கை தட்டிக்கொண்டு போவதை எப்படிப் பொறுப்பது? மாலக்கியைக் கொன்றது நான். அந்தக் கல்லுக்கடியில் யாரும் குடியிருக்கவில்லை.

நல்லவர்களைச் சமாதானப்படுத்த ஊரார் வாசலில் பால் வைப்பதுண்டு. என் வாசலில் நீங்கள் பார்த்த கிண்ணம் பூனைக்கு என்று சொல்லியிருந்தேன்.

என்னிடம் பூனை இல்லை.