விண்ணேறும் மாதாவின் முகம்

படம் தீட்டுவதற்கு லேஸ் பின்னும் பெண்களை உட்கார வைப்பது நல்லது, நீதிபதி ஐயா. எங்கள் மெகலென் நகரத்தில் அவர்களுக்குக் குறைவில்லை. நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்து பழகியவர்கள், அசையமாட்டார்கள்.

கோதலீவும் அப்படித்தான். என் விண்ணேற்பு மாதா ஓவியத்துக்காகக் குளிர்காலம் முழுக்க வந்து உட்கார்ந்தாள். இளஞ்சிவப்பு மேகம், கொழுகொழுவென்று சிறகடிக்கும் சம்மனசுகள், எல்லாம் முடிந்துவிட்டன. முகம் மட்டும் அமையவில்லை. பங்குச் சாமியார் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மாதா மோட்சத்துக்குப் போற மாதிரியா இருக்கு? கல்லாட்டம் நிக்கிறா. உளி புடிச்ச கைக்குத் தூரிகை எதுக்குய்யா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் சிற்பிக்கு ஒரு வழி உண்டு. முகத்தில் எண்ணெய் தடவி, மூச்சுவிட மூக்கில் வாத்து இறகின் தண்டுகளைச் செருகி, வாயோடு சேர்த்து மேலே பிளாஸ்டர் பூசி அச்செடுத்தால், பிறகு அதைப் பார்த்தே தீட்டிக்கொள்ளலாம். பூசியதும் மிரண்டுபோய்ப் பிய்த்தெறிவார்கள் என்பதால் கைகளை நாற்காலியோடு கட்டுவது வழக்கம். அவளே கையை நீட்டினாள்.

"நல்லா கட்டிக்கோங்க. இன்னிக்கோட சரி. ஞாயித்துக்கிழமை எனக்குக் கல்யாணம். அப்புறம் யோரிஸோட படகுலதான் குடித்தனம். உங்க மாதாவுக்கு வேற மூஞ்சி பாத்துக்கோங்க."

நான் கோபப்படவில்லை. பொறுமையாகப் பூசினேன். அவள் போனபின் என் பட்டறையில் கல் பொம்மைகளோடு நான் அடைபட்டுக் கிடப்பது மட்டும் கண்முன் வந்துகொண்டே இருந்தது. தாங்க முடியவில்லை.

பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். கை வைத்துப் பார்த்தேன். சூடேறி, ஆறி, கல்லாகிவிட்டது. அதற்குமேல் அச்சில் எதுவும் புதிதாகப் பதியாது, கழற்றவேண்டியதுதான். தண்டுகள் வழியாக அவள் மூச்சு உஸ் உஸ்ஸென்று கேட்டது. இவை மூக்கின் வடிவத்தைக் கெடுத்துவிடுமே என்று தோன்றியது. இரண்டையும் உருவினேன். துளைகளை விரலால் அடைத்துக்கொண்டேன்.

நாற்காலி கொஞ்ச நேரம் ஆடியது. பிறகு நின்றுவிட்டது.

கொலை என்கிறீர்கள். என் விரல்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அச்சைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள், ஐயா. எவ்வளவு சாந்தம். ஒரு சுளிப்பு உண்டா? என்னை விட்டுப் போக அவளுக்கு மனமில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?